.30 சூப்பர் கேரியை நம்பி வாங்கியவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்: தோட்டா, கைத்துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் தோட்டாவும் கைத்துப்பாக்கியும் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 2022 ஜனவரியில் ஃபெடரல் நிறுவனம் .30 சூப்பர் கேரி தோட்டாவை வெளியிட்டபோது, மறைத்து எடுத்துச் செல்லும் சிறிய கைத்துப்பாக்கிகளுக்கென்றே அது உருவாக்கப்பட்டதாக அறிவித்தது. அதை நம்பித் துப்பாக்கி வாங்கியவர்களில் நானும் ஒருவன். இந்தத் தோட்டா இன்னும் எத்தனை ஆண்டுகள் தயாரிக்கப்படும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தோட்டாவின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பரவலாகப் பயன்படும் 9 மி.மீ. லூகர் தோட்டாவின் அடிப்பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. அகலம், இதற்கு 8.8 மி.மீ. மட்டுமே. ஒரு தோட்டாவில் மிச்சமாவது ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் என்றாலும், மேகசினுக்குள், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டிக்குள், அடுக்கும்போது அது சேர்ந்து இரண்டு மூன்று தோட்டாக்களுக்கு இடம் தந்துவிடுகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஷீல்டு பிளஸ் துப்பாக்கியில், 9 மி.மீ.க்கு 10, 13 தோட்டாக்கள் என்றிருந்த மேகசின்கள் இதற்கு 13, 16 ஆயின. அதே நிறுவனத்தின் ஷீல்டு ஈசியில் 8 என்பது 10 ஆனது. மேகசினுக்குப் பத்துத் தோட்டாக்களே சட்டப்படி உச்சம் என்றிருக்கும் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், ஈசியின் அந்த 10 வரம்பை இம்மியும் மீறாமல் நிற்கிறது. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க மணிக்கட்டில் வலு போதாத என் மனைவிக்காக நாங்கள் ஈசியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மெலிந்ததால் இதன் வலு குறைந்துவிடவில்லை. 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) எடையுள்ள குண்டு வினாடிக்கு 1,250 அடி வேகத்தில் வெளிப்பட்டு 347 அடி-பவுண்டு ஆற்றலைத் தருகிறது, 9 மி.மீ.யில் 124 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1,150 அடி வேகத்தில் தருவது சுமார் 364. இந்த நெருக்கத்தை எட்டத்தான் தோட்டாவுக்குள் எழும் உச்ச அழுத்தம் 50,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது, 9 மி.மீ.க்கு அது 35,000. வெடியோசை சற்றுக் காதைக் கிழிக்கும். அதை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

எங்களால் பொறுக்க முடியாதது நிச்சயமின்மை. உயிர்காக்க வைத்திருக்கும் துப்பாக்கியில் தொடர்ந்து பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு மலிவான தோட்டா வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் 9 மி.மீ. பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்க, சூப்பர் கேரி பல சமயம் இருப்பதே இல்லை. இருந்தாலும் விலை கூடுதல். அடிப்பகுதியின் அளவே வேறு என்பதால், வெறுமனே குழலை மாற்றி இதே துப்பாக்கியில் 9 மி.மீ. சுடவும் வழியில்லை. தோட்டா நின்றால் துப்பாக்கியும் பயனற்றுப்போகும்.

இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததன்று. 9 மி.மீ. துப்பாக்கியின் உடலளவிலேயே அதைவிடப் பெரிய .45 ஏசிபி தோட்டாவின் வலுவைத் தர வேண்டுமென்று 2003இல் கிளாக் துப்பாக்கிகளுக்காக ஸ்பியர் என்ற தோட்டா நிறுவனம் உருவாக்கிய .45 ஜிஏபி தோட்டாவை நியூயார்க், பென்சில்வேனியா, ஜார்ஜியா மாநிலக் காவல் படைகளே ஏற்றுக்கொண்டன; பின்னர் மூன்றும் அதைக் கைவிட்டன. மூன்று மாநிலக் காவல் படைகளின் ஆதரவு பெற்ற தோட்டாவுக்கே அந்தக் கதி என்றால், எந்தப் பெரிய காவல் துறையையும் பின்புலமாகக் கொள்ளாமல் தனிமனிதர்களை மட்டுமே நம்பி வந்த இதன் நிலையை எண்ணிப் பாருங்கள். போதாக்குறைக்கு, இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபெடரல், ஸ்பியர், சிசிஐ, ரெமிங்டன் ஆகிய பெயர்கள் யாவும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. 2024இல் அந்தக் குழுமம் செக் நாட்டு நிறுவனமான செக்கோஸ்லோவாக் குரூப்பின் கைக்குப் போனது. அங்கே எடுக்கப்படும் ஒரு முடிவு நான்கு பெயர்களையும் ஒருசேர நிறுத்திவிடக்கூடும்.

ஆகவே தோட்டா தயாரிப்பவர்கள், பயிற்சித் தோட்டாவையும் தற்காப்புத் தோட்டாவையும் குறைந்தது எந்த ஆண்டுவரை தயாரிப்பீர்கள் என்று அறிவியுங்கள். நிறுத்துவதாக இருந்தால், நாங்கள் சேமித்துக்கொள்ளப் போதிய அவகாசம் கொடுத்து முன்கூட்டியே சொல்லுங்கள். துப்பாக்கி தயாரிப்பவர்கள், உங்கள் மெலிந்த துப்பாக்கிகளில் ஒன்றையாவது இந்தத் தோட்டாவுக்கும் செய்து பாருங்கள். வாங்குபவர் பெருகினால்தான் கடைக்காரர் பெட்டியை அடுக்குவார். ஏற்கெனவே விற்ற துப்பாக்கிகளுக்கு மேகசினும் உதிரிப்பாகங்களும் தடையின்றிக் கிடைக்கச் செய்யுங்கள்.

உங்கள் பதிலைப் பொதுவில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சூப்பர் கேரி பயன்படுத்தும் ஒருவன்