கட்டுரையில் விடுபட்ட பாதி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உளவியலாளர் சாலமன் ஆஷின் சோதனை பற்றி வந்த கட்டுரை, 'கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் மனிதன் வெறும் ஆடுதான்' என்று முடிகிறது. பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தி அதைப் படித்துவிட்டு, "அப்போ நாம பேசி ஒண்ணும் ஆகாதா பாட்டி?" என்று கேட்டாள். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

1950-களில் ஆஷ் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்றில் எது அதே நீளம் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் முன்பே பேசிவைத்தபடி ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். விஷயம் தெரியாத மாணவர் ஒருவர்தான். இதுவரை கட்டுரை சரி. இப்படி 123 பேரைச் சோதித்ததில், கூட்டம் தவறாகச் சொன்ன சுற்றுகளில் அவர்கள் தந்த பதில்களில் 36.8 சதவீதம் தவறு. மீதி எல்லாம் சரியான பதில்கள்தானே? சுமார் நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளைந்து கொடுக்கவில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று: கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், தவறுகள் கால்பங்காகக் குறைந்துவிட்டன. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

நான் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். ஒரு வருடம் ஸ்டாஃப் மீட்டிங்கில், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் வர வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் தேறாத 7 பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றும் கேட்டார். 22 பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அந்த ஏழு பேரில் ஒருவன் என் வகுப்புப் பையன். கணக்கு வராது, ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவான்.

அன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, "எனக்கும் மனசு ஒப்பலை டீச்சர்" என்றார்கள். நாலு பேர் இருந்திருக்கிறோம்! யாராவது ஒருவர் எழுந்திருந்தால் மற்ற மூவரும் எழுந்திருப்போம். ஆஷிடம் இணங்கிப்போன சிலர், உங்கள் ரிசல்ட்டைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னோம் என்றார்களாம். எங்களைக் கேட்டிருந்தால் நாங்களும் அதையேதான் சொல்லியிருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் வந்தால் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பள்ளிகளின் முழுப்பக்க விளம்பரம் உங்கள் பத்திரிகையிலும் வருகிறது. ஒன்பதாம் வகுப்போடு எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று அந்தப் பள்ளிகளைக் கேளுங்கள் என இரண்டு வருடத்துக்கு முன் எழுதினேன். கடிதத்தைப் போட்டீர்கள், ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டீர்கள். அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. துணைக்கு ஒருவர் இருந்தபோது என்ன நடந்தது என்பதை வரும் ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். என் பேத்தியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.