மகரக்கட்டு

தக்கலை
ஞாயிறு இரவு

மக்கா,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் தேடிப் பார்த்தேன், சோம்பேறித்தனத்தைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் தலையில் நரைமுடியை எண்ணிச் சொல்கிறாள். மகளுக்கு வரன் பார்க்கிறோம். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தது ஒரு பையனைப் பற்றிச் சொல்ல. போன வருடம் போனில் பாடவைத்தேனே, அந்த அருமனைப் பையன். அப்பா ரப்பர் பால்வெட்டு. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் அலுங்காமல் நின்று பாடுவான். போன வருடம் விடுதி இசைப்போட்டியில் முதல் பரிசு அவனுக்குத்தான். (இல்லங்களுக்கு இப்போது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பெயர். நம் சிவப்பும் மஞ்சளும் போயாச்சு. நம் பழைய வார்டன் ஒன்றரையின் அறையில் இப்போது நான் வார்டனாக இருக்கிறேன் என்பதை மட்டும் நம் கூட்டாளி கொக்கு இன்னும் நம்ப மறுக்கிறான்.)

ஓணம் லீவு முடிந்து பையன்கள் திரும்பிய அன்று, கதவுக்கு வெளியே "குட்மார்னிங் சார்" என்று ஒரு கட்டைக்குரல். அவன் அப்பாதான் ஃபீஸ் கட்ட வந்திருக்கிறார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், பெட்டியோடு நிற்கிறது இவன்!

மகரக்கட்டு, வளர்கிற வயதில் பையனுக்குக் குரல் உடைவது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பத்தாம் வகுப்பில் நீ பட்டது எல்லோருக்கும் தெரியும். குரல்நாண் நீண்டு தடித்துவிடுகிறது. பையன்களுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். அது நிலைப்பதற்குள் மேலே போனால் கிறீச், கீழே வந்தால் கரகர. அந்த நேரத்தில் அழுத்திப் பாடவைக்கக் கூடாது. அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் பையனையும் ஸ்திரீபார்ட் பையனையும் ஒரே மாதத்தில் கீழே இறக்கியது இதுதான். அந்தக் கம்பெனி வீடுகளும் ஒருவகையில் விடுதிதானே, கூட்டமாகச் சாப்பாடு, கூட்டமாகப் பாடம், கூட்டமாக அடி. நம் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணரும் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் இருந்தவர்தான். சிரிக்கவைக்கிறவனுக்குக் குரல் உடைந்தால் நஷ்டமில்லை என்று தோன்றுகிறது. பாடுகிறவன் கதை வேறு.

பாடாதே என்றேன், கேட்கவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டான். சுருதிப்பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கி வைத்தேன். பல்லவி தேறியது. சரணத்தில் மேலே எட்டியபோது குரல் இரண்டாகப் பிளந்தது. பின்வரிசை சிரித்தது. அவன் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை பாடி, கும்பிட்டு இறங்கினான். நடுவர் நான். சுருதிக்குப் பத்துக்கு மூன்று போட்டேன். வேறென்ன போடுவது? அன்று இரவு முழுக்க ரவுண்ட்ஸ் போகிற சாக்கில் அவன் கட்டிலைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இனிமேல்தான் விஷயம். ஆண்டுவிழா நாடகத்தை இப்போது வெளியாட்கள் வந்து போட்டுக் கொடுக்கிறார்கள். வசனம் பாட்டு எல்லாம் நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் பதிவாகும், பிள்ளைகள் மேடையில் வாயை மட்டும் அசைக்கும். மைக் தகராறு வராது, மறதி வராது. நாடகமும் வராது, அது வேறு. போன வருடத்து ரெக்கார்டிங்கில் இவன் குரல் இருக்கிறதாம். அதைப் போட்டுவிட்டு இவன் வாயசைத்தால் போதும் என்கிறார்கள். தன் பழைய குரலுக்குத் தானே வாயசைக்க வேண்டும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தப் போனபோது உன் ஞாபகம். நீ சேலை கட்டி ராணியாக மேடையில் நிற்க, திரைக்குப் பின்னால் பாடினது நான்தானே? நீ தும்மினாய், ராணியின் பாட்டு நிற்காமல் ஓடியது. அதைச் செய்தவன் இதை எந்த வாயால் வேண்டாம் என்பது? அன்றைக்கு நாம் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டு இருந்தோம் என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். அது வக்கீல் பேச்சா என்று நீயே சொல்.

பேசாமல் அவனையே கூப்பிட்டுக் கேட்டேன். ரெக்கார்டிங்கை முழுசும் கேட்டான். "நல்லாப் பாடுதான் சார்" என்றான், யாரோ ஒருவனைச் சொல்வது போல. அப்புறம், "இது அவன் பாட்டு. நான் வாயசைக்க மாட்டேன்."

அந்த வேஷம் வேறு பையனுக்குப் போயிற்று. இவனை வில்லடியில், வில்லுப்பாட்டுக் குழுவில், சேர்த்துவிட்டேன். தோவாளைப் பக்கமிருந்து வருகிற புலவர், வயசாளி, இவன் குரலைக் கேட்டதும் "ஆமா போட இந்தத் தொண்டைதாம்டே வேணும்" என்றார். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்க உட்கார வைத்திருக்கிறார். முதல் வாரம் உள்ளங்கையில் கொப்புளம். இப்போது சாயங்காலம் குளியலறையிலிருந்து பாதி கீழ்ஸ்தாயியிலும் பாதி மேல்ஸ்தாயியிலுமாக ஒரு "ஆமா" வருகிறது. மரச்சீனி வேகவைத்துக்கொண்டிருக்கும் சமையல்காரரும் பதிலுக்கு ஒரு ஆமா போடுகிறார்.

நம் நாடகத்தின் கேசட் உன்னிடம்தானே இருக்கிறது? கதையைச் சொன்னேன், கேட்டே ஆக வேண்டும் என்கிறான். தும்மலை வெட்டிவிடாமல் அனுப்பு. பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்று, இங்கே மழை விட்டபாடில்லை.

உன்
பின்பாட்டு