பட்டா இல்லாதவருக்கு ஜாமீன்

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதம் கிடைத்தது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்து சிறைக்குப் போய் வருகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். என்ன ஆனாலும் வக்கீலுக்குப் படிக்கமாட்டாளாம். நானும் வற்புறுத்தவில்லை.

ஜாமீன் உத்தரவு வந்து இரண்டு மாதம் ஆகியும் ஆள் உள்ளேயே இருக்கிறாரே, யார் தடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். குறிப்பிட்டு யாரும் தடுப்பதில்லை, அதனால்தான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றே தெரிவதில்லை. அந்த உத்தரவை எடுத்துப் பார். அநேகமாக இப்படித்தான் இருக்கும்: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன். ஜாமீன்தாரர்கள் புகைப்படம் ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகல் தர வேண்டும். வெளியே வந்தவர் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

பத்தாயிரம் என்றதும் பணம்தான் பிரச்சினை என்று நினைத்துவிடாதே. அந்தத் தொகையை யாரும் அப்போது கட்டுவதில்லை. ஆள் ஓடிப்போனால்தான் அது வசூலுக்கு வரும். வெளியே வரவிடாமல் செய்வது இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்ற அந்த நிபந்தனை. வருபவருக்குச் சொத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டுவரி ரசீது, பட்டா, சிட்டா, சில இடங்களில் தாசில்தாரிடம் வாங்கிய சொத்து மதிப்புச் சான்று. கைதியின் அண்ணனோ மச்சானோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவார். அவர் கொண்டுவரும் பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், அல்லது பங்காளிகள் ஐந்து பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். வீடு புறம்போக்கில் இருந்தால் காட்ட எதுவுமே இருக்காது. திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடவை வருவதற்கு அவருக்கு இன்னொரு நாள் கூலி போகும்.

சட்டத்தில் எங்கேயும் சாதி இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் நிலம் யாரிடம் இருக்கிறது? 2011 கணக்குப்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் சுமார் 9 சதவீதம். நிலத்தை வைத்து ஆளை எடைபோட்டால் சாதி தானாகவே தராசில் ஏறிவிடுகிறது. 2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இந்த விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். அமெரிக்காவில் பணத்தைக் கட்டு என்கிறார்கள், அங்கே அந்தச் சுமை கறுப்பின மக்கள் தலையில் விழுகிறது. (இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் ரொக்க ஜாமீனையே ஒழித்துவிட்டது.) நம் ஊரில் ஆளைக் கொண்டுவா என்கிறார்கள். பணமாவது வட்டிக்குக் கிடைக்கும். பட்டாவோடு உறவினர் வட்டிக்குக் கிடைப்பாரா? அதனால்தான் கோர்ட் வாசலில் வாடகை ஜாமீன்தாரர்கள் பிழைக்கிறார்கள். அந்தப் பக்கம் யாரையும் போகவிடாதே. போலி ஆவணம் பிடிபட்டால் ஜாமீனும் போய் புது வழக்கும் சேரும்.

இது நேற்று கண்டுபிடித்த குறை அல்ல. மோதி ராம் என்ற கொத்தனார் வழக்கு 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மாஜிஸ்திரேட் ஜாமீனை ஏற்கவில்லை. பத்தாயிரத்துக்கு ஆள் கேட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அதற்குப் பிறகும் உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பது நிற்கவில்லை.

குறவர் போன்ற சீர்மரபினர் விஷயம் இன்னும் மோசம். அவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ரத்தானது. சந்தேகம் ரத்தாகவில்லை. ஒரு திருட்டு வழக்கில் பிடித்தால், துப்புத் துலங்காத பழைய வழக்குகளிலும் சேர்த்துவிடுவார்கள். ஒன்றில் ஜாமீன் கிடைக்கும் நேரத்தில் அடுத்த ஸ்டேஷனிலிருந்து பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காகக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆணை) வரும். ஐந்து வழக்கு என்றால் பத்து ஜாமீன்தாரர். ஒரு குடியிருப்பு முழுக்கத் தேடினாலும் பத்துப் பட்டா தேறாது. பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவுப்படி, முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டாலே விடுதலைக்குத் தகுதி உண்டு. சாதாரணத் திருட்டுக்கு அது ஒரு வருடம். ஆனால் பல வழக்குகள் நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. யார் மேல் பல வழக்கு போடப்படுகிறது என்பதை நீயே பார்க்கிறாய். இப்படிப்பட்டவருக்கு 2024 ஆகஸ்டில் வந்த கிரிஷ் காந்தி தீர்ப்பைப் பயன்படுத்து. பதின்மூன்று வழக்கில் சிக்கியவருக்கு, ஒரே ஜாமீன்தாரர்களைப் பல வழக்குகளுக்கும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான்.

அடுத்தது ஸ்டாட்யூட்டரி பெயில். ஏழைகள் அதிகம் இழப்பது இதைத்தான். பத்து வருடத்துக்குக் குறைந்த தண்டனை என்றால் 60 நாள், பத்து வருடமோ அதற்கு மேலோ என்றால் 90 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணு: ஜூன் 1 ரிமாண்ட் என்றால் அறுபதாவது நாள் ஜூலை 30. ஜூலை 31 காலையில் மனு உள்ளே போக வேண்டும். வசதியுள்ளவரின் வக்கீல் அன்று பத்து மணிக்கே கோர்ட்டில் நிற்பார். வசதி இல்லாதவருக்கு நாள் எண்ண ஆள் கிடையாது. போலீஸ் ஆகஸ்ட் 2-இல் குற்றப்பத்திரிகை போட்டால் உரிமை போச்சு. வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. மனுவை ஏற்ற பிறகும், கோர்ட் கொடுத்த கெடுவுக்குள் ஜாமீன்தாரர் வரவில்லையென்றால் அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து கதவை மூடிவிடலாம்.

சிறைக்குப் போகும்போது ஒரு நோட்டில் குறித்துக்கொள்: குற்ற எண், ஸ்டேஷன், சட்டப்பிரிவுகள், ரிமாண்ட் தேதி, வேறு வழக்குகள், ஜாமீன் உத்தரவு தேதி, அதில் கேட்டிருக்கும் நிபந்தனை. ரிமாண்ட் தேதியை அவர்கள் சொல்வதை வைத்து எழுதாதே, வாரண்டைப் பார்த்து எழுது. உள்ளே இருப்பவருக்குத் தேதி குழம்பிவிடும். ஜாமீன் உத்தரவு தேதியிலிருந்து ஏழு நாளில் வெளியே வரவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி 31 உச்ச நீதிமன்ற உத்தரவு. அதன் பிறகு நீ அந்தக் குடும்பத்தின் நிலைமையை நேரில் பார்த்து அறிக்கை எழுதலாம். 'ஏழை' என்று மொட்டையாக எழுதாதே. வீடு எந்த நிலத்தில், யார் பெயரில், எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், முன்பு எந்த வாய்தாவுக்காவது வராமல் இருந்தாரா என்று எழுது. ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. அதற்குக் காத்திருக்காமல் மனுப் போடச் சொல். தொகை அதிகம் என்றால் பி.என்.எஸ்.எஸ். 484-வது பிரிவு, ஆளுக்குப் பதில் ரொக்கம் என்றால் 490-வது பிரிவு.

ரொக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்குப் பண உதவி கிடைக்கும். உத்தரவு ஆளைக் கேட்கும்போது அந்தப் பணத்தால் பயனில்லை, ஆகவே முதலில் 490-இல் ரொக்கமாக மாற்றிவிட்டுப் பிறகு திட்டத்துக்கு விண்ணப்பி. கஞ்சா வழக்குகளுக்கு அது கிடையாது.

தினமும் 10.30 கையெழுத்தையும் விட்டுவிடாதே. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது வேலையையே பறிக்கும். நான்கு நாள் தவறினால் ஜாமீனை ரத்து செய்ய மனு வரும். வாரம் ஒரு நாளாக மாற்றச் சொல்லி இரண்டு வாரத்திலேயே மனுப் போடலாம்.

நீ சொன்ன அந்த நபரின் உத்தரவு நகலையும் ரிமாண்ட் தேதியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பக்கத்துத் தாலுகாவில் இன்னொரு வழக்கு இருக்கிறது என்கிறாய், பி.டி. வாரண்ட் நிறைவேறிவிட்டதா என்று சிறை அலுவலகத்தில் கேட்டு எழுது. அது தெரியாமல் மனுத் தயாரித்துப் பயனில்லை.

அன்புடன்,
கலா