கதவு ஊதினால் சைரன் அலறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோத்தகிரியில் நானும் 83 வயது மாமியாரும் மட்டும் இருக்கிறோம். ராத்திரியில் கரடி வந்து சமையலறைக் கதவை முட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. அதனால் போன பங்குனியில் கோவையிலிருந்து ஆள் வரவழைத்து, வயர் இல்லாத அலாரம் மாட்டினோம். மூன்று கதவுகளுக்கும் சென்சார், அவற்றின் சேதியை வாங்க ஹாலில் ஒரு பெட்டி. ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. நள்ளிரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் சைரன் அலறும். மாமியார் கை நடுங்க எழுந்து உட்கார்ந்து, "யாரும்மா வந்திருக்கா?" என்பார். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒருவரும் இல்லை. மாட்டியவர்களுக்குப் போன் செய்தேன். வந்து பார்க்காமலே, "மலை ஏரியா இல்லீங்களா, சென்சார் போயிருக்கும், மூணையும் மாத்திடலாம்" என்று விலை சொன்னார்கள். பணம் புரட்டும்வரை சைரனை அணைத்து வைத்தேன். அந்த ஒன்பது ராத்திரியும் எனக்குத் தூக்கமே இல்லை.

எதிர் வீட்டு அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் வந்து பார்த்தார். முதலில் பெட்டியை டெஸ்ட் மோடில் போட்டார். இல்லாவிட்டால் சென்சார் மூடியைத் திறந்தாலே சைரன் அடிக்குமாம். கதவு நிலையில் இருக்கும் சென்சாருக்குள் சின்னக் கண்ணாடிக் குழாய், அதில் மெல்லிய இரண்டு தகடுகள். கதவில் உள்ள காந்தம் பக்கத்தில் இருந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். பிரிந்தால் கதவு திறந்துவிட்டது என்று பெட்டிக்குச் சேதி போகும். சமையலறைக் கதவின் காந்தத்தைக் கழற்றி, கையில் பிடித்து சென்சாரை ஒட்டிக் காட்டினார். கதவு திறந்திருப்பதாகப் பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. சென்சாருக்கு ஒன்றுமே இல்லை!

மழை ஈரத்தில் கதவுப் பலகைதான் ஊதியிருந்தது. தாழ்ப்பாள் போட்டும் மேல் மூலை நிலையில் உட்காராமல் ஒரு விரல் கனம் வெளியே நின்றது. உள்ளங்கையால் அழுத்தினால் விளக்கு அணைகிறது, கையை எடுத்தால் எரிகிறது. காற்றடித்த ராத்திரிகளில் இதுதான் நடந்திருக்கிறது. கதவை இழைக்க வேண்டாம், வெயில் காலத்தில் பலகை சுருங்கிவிடும் என்று சொல்லி, காந்தத்துக்கு அடியில் பிளைவுட் துண்டு வைத்து சென்சார் பக்கம் நெருக்கிப் பொருத்திக் கொடுத்தார்.

முன் கதவு சென்சாரின் சிக்னலும் பெட்டிக்குக் கிடைக்காமல் போயிருந்தது. அது என்னால்தான். சுவர் ஓதத்துக்குப் பயந்து இரும்பு பீரோவைப் பெட்டிக்கு முன்னால் நகர்த்தியிருந்தேன். இரும்பும் தகரமும் சிக்னலை மறைத்துவிடும். பின் கதவு சென்சார் விடியற்காலையில் பேட்டரி குறைவு என்று காட்டும், வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். குளிரில் பேட்டரி வலு குறையும், தீரப்போவது முதலில் அப்போதுதான் தெரியும் என்றார். 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று புதிதாகப் போட்டேன். எனக்கு ஆன செலவு அவ்வளவே.

மலைக்கு வந்து அலாரம் மாட்டுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெயில் நாளில் மாட்டிவிட்டுப் போனால் போதாது, மழை தொடங்கியதும் ஒருமுறை வந்து கதவுகளைப் பாருங்கள். வர முடியாவிட்டால், காந்தத்தைக் கழற்றி ஒட்டிப் பார்க்கும்படி போனிலாவது சொல்லுங்கள். பெட்டியோடு தருகிற புத்தகத்தில் தமிழில் ஒரு பக்கமாவது இருக்கட்டும். இங்கே பல வீடுகளில் வயதானவர்கள்தான் தனியாக இருக்கிறார்கள். பொய்யாக அலறுகிறது என்று அவர்களும் என்னைப் போல சைரனை அணைத்துவிட்டுப் படுக்கக் கூடாது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோத்தகிரி