எனக்கும் சொல்லிவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இதை உன் போனுக்குத் தனியாக அனுப்பியிருந்தால் "சரிக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாய். அந்தச் "சரிக்கா" எனக்குப் போதவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் ஒருத்தி என் பக்கத்து அறைக்காரி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அவளுடைய ஆச்சி இறந்துபோனதை பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வீட்டில் சொன்னார்கள். செமினார் இருக்கிறதே, பிள்ளை மனசு கலங்கிவிடுமே என்று. செமினார் நன்றாகத்தான் முடிந்தது. அதன் பிறகு ஒரு மாதம் அவள் வீட்டுக்கு போனே செய்யவில்லை.

மேற்கு வங்கத்தில் இருக்கிற இந்தக் கரக்பூருக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் வந்தது 2022 ஜூலையில். கோவில்பட்டி ஸ்டேஷனில் அப்பா என் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டு, இறங்க மனசில்லாமல் வண்டி நகர்கிற வரைக்கும் உள்ளேயே நின்றது உனக்கு நினைவிருக்கும். நீதான் கையைப் பிடித்து இறக்கினாய். அன்றிலிருந்து எனக்கு வீடு என்றால் 2,000 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு ராத்திரி. மாலை ஐந்து மணி வாக்கில் இங்கே கோரமண்டலில் ஏறினால் மறுநாள் மாலை சென்னை சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் போய் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடிகிற நேரம் கோவில்பட்டி. சாத்தூர் தாண்டியதும் எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வேன். இருட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் மழை பெய்திருந்தால் கரிசலின் வாசம் வரும். இங்கே இருக்கிற செம்மண்ணுக்கு அந்த வாசம் கிடையாது.

மண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் உன்னிடம்தான் வரவேண்டும். என் ஆராய்ச்சியில் பாதி உன் கையால் வந்தது. முதல் வருஷம் சித்திரை வெயிலில் நம் கிழக்குக் காட்டில் இறங்கி, ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனியாக மண் எடுத்து, ஒவ்வொரு பையிலும் தேதி எழுதி அனுப்பினாயே, ஒரு பையில் என்ன எழுதியிருந்தாய் தெரியுமா? "இதுல வேர் கலந்திருக்குக்கா, சரியா வராது, வேற எடுத்து அனுப்புறேன்." அந்தப் பையை இன்னும் வைத்திருக்கிறேன். கரிசலில் இருக்கிற களிமண் ஸ்மெக்டைட் வகை. அது தகடு தகடாக அடுக்கப்பட்டது. நனைந்தால் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பதுதான் என் வேலை. நீ அனுப்பிய மண்ணில் எடுத்த அளவு எதையும் நான் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. மண்ணைப் பற்றி அரை அடிகூடப் பொய் சொல்லாதவன் நீ.

அப்பாவைப் பற்றி மட்டும் ஏன் பொய் சொன்னாய்?

2024 நவம்பர் நடுவில் ஒரு காலை. அப்போதுதான் ரயில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்திருந்தார்கள். பொங்கலுக்கு எழும்பூரிலிருந்து ஊருக்கு டிக்கெட் எட்டு மணிக்குத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நான் இங்கே லேப்டாப்பில், நீ அங்கே போனில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முயற்சி செய்வதாக ஏற்பாடு. உனக்குத்தான் கிடைத்தது. "எஸ் ஃபைவ், சைடு லோயர், அக்கா" என்றாய். அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா சத்தமாக, "ஐசியூ அட்டெண்டர் யாருங்க" என்று கூப்பிடுவது கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றேன். பேங்க்குக்கு வந்தேன் என்றாய். எட்டு மணிக்கு எந்த பேங்க் திறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். என்னால் இன்றுவரை ஆற முடியாதது அதுதான். நீ பொய் சொன்னது இரண்டாம் பட்சம். அந்தக் குரலைக் கேட்டுவிட்டும் நான் கேட்காமல் இருந்தேன்.

பொங்கலுக்கு வந்து இறங்கினேன். ஸ்டேஷனுக்கு அப்பா வரவில்லை, நீ மட்டும் டிவிஎஸ் ஃபிப்டியோடு நின்றாய். கடையில் சரக்கு இறங்குகிறது என்றாய். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் அம்மா தனிக் கிண்ணத்தில் உப்புக் குறைத்த குழம்பு வைத்தாள். அப்பா மெலிந்திருந்தார், சர்க்கரைக்கு நடைப்பயிற்சி போகிறார் என்றீர்கள். மூன்றாம் நாள் என் ஆதார் ஜெராக்ஸைத் தேடி பீரோவில் இருந்த மஞ்சப்பையைக் கொட்டினேன். ரேஷன் கார்டு, கடை வாடகைப் பத்திரம், காப்பீட்டு அட்டை, அதோடு சேர்த்து மடித்து வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி. எட்டு நாள். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அடுப்படியில் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள், எனக்குக் கொடுத்தனுப்ப. அந்தத் தாளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. நீ வந்து பார்த்தாய். "அம்மாதான் சொல்லக் கூடாதுன்னா. ஒத்தையில கெடக்குற புள்ள, பதறிப்போயிரும், அவகிட்ட மூச்சு விட்றாதன்னா" என்றாய். அப்புறம் நீ அழுதாய். சின்னப் பிள்ளையில் சைக்கிளிலிருந்து விழுந்தபோதுகூட நீ அப்படி அழுததில்லை.

அந்த எட்டு நாளும் நீ தனியாக நின்றாய். காலையில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி, மத்தியானம் பஸ் பிடித்து வந்து கடை, ராத்திரி திரும்பவும் ஆஸ்பத்திரி. நடுவில் என் போனையும் எடுத்துச் சிரித்துப் பேசியிருக்கிறாய். இருபத்துமூன்று வயதுப் பையன். உனக்கு யார் இருந்தார்கள்? அதைக் கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. என்னிடம் ஏன் மறைத்தாய் என்றுதான் கத்தினேன். அதற்கு மன்னித்துக்கொள்.

2023 ஜூன் 2 உனக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை. கரக்பூரைத் தாண்டிப் போன கோரமண்டல், பாலசோர் பக்கம் பாகநாகா பஜாரில் தவறான தடத்துக்குத் திரும்பி, நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் போய்விட்டார்கள். என் டிக்கெட் அடுத்த வாரத்துக்குத்தான், அது உனக்கும் தெரியும். ஆனால் முந்தின பொங்கலுக்கு நான் சொல்லாமல் முன்கூட்டியே வந்து நின்றவள் இல்லையா, இந்த முறையும் அப்படிக் கிளம்பியிருந்தால் என்று உனக்குப் பயம். நான் லேபில் போனை சைலன்டில் போட்டுவிட்டு மாதிரிகளை உலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் உன்னிடமிருந்து பத்தொன்பது மிஸ்டு கால். எடுத்ததும் நீ எதுவும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஏன்க்கா போனை எடுக்கல, செத்துப் போயிட்டேன்க்கா நான்" என்றாய். ஒன்றரை மணி நேரம். தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று அன்றைக்கு உனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அதே வண்டியில்தான் வந்தேன். பாகநாகாவில் வண்டி ஊர்ந்து போனது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்த பெட்டிகள் அப்படியே கிடந்தன. எங்கள் பெட்டியில் ஒருத்தரும் பேசவில்லை. எதிர் சீட்டுப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இதை நான் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. "பிரயாணம் எப்படி இருந்துச்சு" என்று அம்மா கேட்டதற்கு நல்லா இருந்துச்சு என்றேன்.

ஆமாம், நானும் மறைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் செப்டம்பரில் எனக்கு டெங்கு. ஐந்து நாள் படுக்கை. நெட் சரியில்லை, வீடியோ கால் வராது என்று சொன்னேனே, கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. போன வருஷம் நாலு மாத அளவுகள் ஒரு கருவிக் கோளாறால் வீணாகி, கைடு எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொன்னார். அன்று ராத்திரி படிப்பை விட்டுவிடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். அம்மாவிடம் "மெஸ்ஸில் இன்னிக்கி பனீர்" என்று சொன்னது அன்றைக்குத்தான். பதறிப்போய்விடுவீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே நினைப்பு, இரண்டு பக்கமும் ஒரே பொய்.

இனி வேண்டாம். நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், கேள். காலை ஆறு மணிக்கு நீ சொன்னால் ஹவுரா லோக்கலைப் பிடித்துப் பத்து மணிக்குள் கொல்கத்தா விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவேன். சென்னைக்கு இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ மாலை விமானம் கிடைத்தால் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு உன் பக்கத்தில் நிற்பேன். ஃபெல்லோஷிப் இப்போது மாதம் 42,000. அதில் மிச்சம் பிடித்து 20,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டிருக்கிறேன். அதை வேறெதற்கும் தொடமாட்டேன். வந்தால் என்ன செய்துவிடப் போகிறேன் என்று கேட்காதே. ஒன்றும் செய்யாமல் போகலாம். நீ வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிற வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா கோபித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவளிடம் இந்த வாரமே பேசுகிறேன், டெங்குவையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். பேசும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஏன்ப்பா என்றேன். "இப்பத்தான் படியேறி வந்தேன்மா" என்றார்.

தம்பி, நம் வீட்டில் படியே கிடையாதே. கடையிலும் கிடையாது. அப்பா எந்தப் படியில் ஏறினார்?

அக்கா