தேன்மொழிக்கு: இரும்பில் மரவரி ஏற்றுவது பற்றி

அன்புள்ள தேன்மொழி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பழைய ஷெவர்லே காரில் மரவரியை (மரத்தின் ரேகை போன்ற கோடுகளை) புதிதாக ஏற்ற, கதவுக் கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றிவிட்டாய், அடுத்து பெயிண்ட் ரிமூவர் பூசப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறும்மா. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் கையில் மையோடு திரும்பத் திரும்பக் கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன். அச்செடுத்து வேலை மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்.

1940களின் அந்தக் கார்களில் சட்டமும் டாஷ்போர்டும் மரம் இல்லை, இரும்புத் தகடு. தொழிற்சாலையில் வெளிர் நிறம் அடித்து, அதன்மேல் மரவரியை மையால் ஏற்றி, மேலே கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) பூசினார்கள். ஆகவே நீ நிஜ வால்நட் பலகையைப் பார்த்து வரையக் கூடாது, அந்த அச்சைப் பார்த்து வரைய வேண்டும். அதன் மிச்சம் உன் காரிலேயே இருக்கும். வெயில் படாத இடங்களில் தேடு: கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகும் விளிம்பு, கிளவ் பாக்ஸ் கீல் மறைக்கும் இடம், ஆஷ்டிரேயின் ஓரம். வெளியே தெரியும் பக்கம் மஞ்சளாக வெளுத்திருக்கும். மறைந்து கிடக்கும் அந்த அரை அங்குலத்தில்தான் பழைய நிறம் இருக்கும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நிழலில், ஃபிளாஷ் போடாமல் படமெடு. வரி எந்தப் பக்கம் ஓடுகிறது, மூலையில் எப்படித் திரும்புகிறது என்று குறித்துக்கொள். ஒரு சட்டத்தை மட்டும் கடைசிவரை சுரண்டாமல் வை.

சுரண்டும்போது உலர்ந்த எமரித் தாளால் தேய்க்கவே தேய்க்காதே. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி நெஞ்சுக்குள் போகும். ரிமூவர் பூசி வழித்துவிட்டு, மிச்சத்தை ஈரமாகத் தேய். கையுறை போட்டுக்கொள். வெறும் இரும்பில் விரல் பட்டாலே நம் சிங்கப்பூர்க் காற்றில் அந்த ரேகை துருவாக எழும்பிவிடும். துடைத்த அன்றைக்கே, துருவைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்துவிடு. அதற்கு மேல் குழிகளை நிரப்பும் ஃபில்லர் பிரைமர் அடித்து, 320, 400, கடைசியில் 600 எண் எமரித் தாளால் தண்ணீரோடு தேய். ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் விடாதே. சாதாரணப் பெயிண்டில் அது கண்ணில் படாது. மரவரி மை ஓடிப்போய்க் குழிக்குள் தேங்கிக் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேஸ் நிறத்தில், அதாவது மைக்கு அடியில் போகும் நிறத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முடிந்த வேலையின் நிறத்தையே பேஸுக்குக் கலக்கிறார்கள், மேலே மையும் கிளியரும் ஏறியதும் எல்லாம் ஒரே காப்பிக்கொட்டை நிறமாகிவிடுகிறது. மரத்தில் தெரியும் ஆக வெளிர்ந்த நிறம் எதுவோ அதுதான் பேஸ். வால்நட் என்றால் மஞ்சள் கலந்த மணல் நிறம், மஹாகனி என்றால் ஆரஞ்சு கலந்த செம்மண் நிறம். மூன்று தகரப் பட்டைகளில் மூன்று சாயல் அடித்து, ஒவ்வொன்றிலும் மை, கிளியர் எல்லாம் முடித்துப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடு. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் நல்லது. இரண்டு நாள் இறுகவிட்டு, சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் பளபளப்பை மட்டும் எடு. பளபளப்பு இருந்தால் மை ஒட்டாமல் திரண்டு ஓடும். டூ-கே முழுக்க இறுகிய பிறகு, மேலே ஏற்றிய வரி பிடிக்கவில்லை என்றால் ஒயிட் ஸ்பிரிட் (எண்ணெய்ப் பெயிண்டைக் கரைக்கும் திரவம்) தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், பேஸ் கரையாது. ஐந்து தடவை துடைத்தாலும் பரவாயில்லை.

மை: ஓவியர்கள் வாங்கும் எண்ணெய்ச் சாயத்தில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஒரு பங்கு, எண்ணெய் கிளேஸ் (சாயத்தை மெல்லிசாக்கும் நிறமற்ற கலவை) மூன்று பங்கு, கறுப்பு ஊசிமுனை அளவு. ஒரு டாஷ்போர்டுக்கு 50 மில்லி தாராளம். நேர்வரிக்கு, மெல்லிசாகப் பூசி, விறைத்த பன்றிமுடிப் பிரஷை உலர்ந்தபடியே ஒரே இழுப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழு. பாதியில் நிறுத்தினால் நின்ற இடம் கோடாகத் தெரியும். கை லேசாக நடுங்கினால் நல்லதுதான், மரத்தில் ஸ்கேல் வைத்த கோடு கிடையாது. பிறகு மிருதுவான பிரஷை வரிக்குக் குறுக்கே, மயிலிறகு படுகிற மாதிரி தடவினால் விளிம்புகள் கரையும்.

முடிச்சு வால்நட் மாதிரி வேண்டுமென்றால் மரவரி செதுக்கிய தகடும் ரப்பர் உருளையும் உள்ள செட் வாங்கு. தகட்டில் மையை இழுத்து வழித்து, உருளையால் எடுத்து, சட்டத்தில் உருட்ட வேண்டும். உருளை ஒரு சுற்றுதான் அச்சு தரும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை சுமார் 188 மில்லிமீட்டர் நீளம் தரும், அதற்குமேல் உருட்டினால் அதே முடிச்சு மங்கலாக இரண்டாவது தடவை விழும். அச்சுகள் சேரும் இடத்தைக் கடிகாரம், ரேடியோ கிரில் போன்றவற்றுக்கு அருகே வருமாறு முன்கூட்டியே பென்சிலால் குறித்து வை.

தண்ணீரில் முக்கி எடுக்கும் ஃபிலிம் முறையைக் கேட்டிருந்தாய். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சரி. இந்தக் காருக்கு வேண்டாம். வளைவில் வரி இழுபடும், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்.

மை காய நம் ஊரில் மூன்றிலிருந்து ஐந்து நாள் பிடிக்கும். காதுக்குச்சியில் ஒயிட் ஸ்பிரிட் தொட்டு மறைவான ஓரத்தில் லேசாக உருட்டிப் பார். நிறம் வந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டுக் கிளியர் அடித்தால் அதிலுள்ள தின்னர் அடியில் இறங்கி, மேல்தோல் சுருங்கிப்போகும். வருஷத்துக்கு 45 நாள் மட்டுமே ஓட்டக்கூடிய கிளாசிக் கார், காத்திருக்கலாம். மை தொட்ட துணிகளை உருட்டிக் குப்பையில் போடாதே. காயும் எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவை, அல்லது தண்ணீரில் முக்கி வை.

கிளியரை நீ அடிக்காதே. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் ஒருக்காலும் கூடாது. டூ-கே ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற நச்சு சாதாரண முகக்கவசத்துக்குக் கட்டுப்படாது. சின் மிங் பக்கமோ காக்கி புக்கிட் பக்கமோ ஸ்பிரே பூத் உள்ள பட்டறையில் கொடு. முதல் கோட் பனித்தூவல் மாதிரி, ஈரமே தெரியாத அளவுக்கு மெல்லிசாக இருக்கட்டும். பத்து நிமிஷம் கழித்து நடுத்தரமாக இரண்டு கோட், போதும். நான்கு, ஐந்து ஏற்றினால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். பழைய லாக்கர் (அந்தக் காலத்துக் கிளியர்) தேன் நிறமாக முதிர்ந்திருக்கும். அந்தச் சாயல் வேண்டுமென்றால் இரண்டாவது கோட்டில் பழுப்பு டோனர் சில சொட்டு கலக்கச் சொல், பட்டையில் ஒத்திகை பார்த்த பிறகு.

ஒன்றை அவர்களிடமும் சொல்லிவை. 29 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும் வெப்பநிலை) சுமார் 25 டிகிரி. ஏர்கான் அறையில் 24 டிகிரியில் இருந்த சட்டத்தை வெளியே எடுத்துவந்தால் கண்ணுக்கே தெரியாமல் வியர்த்துவிடும், அதன்மேல் அடித்தால் கிளியர் பால் மாதிரி வெளுக்கும். ஒரு மணி நேரமாவது வெளிக்காற்றில் வைத்து, துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். மழை விட்ட உடனே அடிக்கவே கூடாது.

திருப்பி மாட்ட ஒரு வாரம் பொறு. திருகாணி ஓட்டையைச் சுற்றித்தான் கிளியர் முதலில் வெடிக்கும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய நைலான் வாஷர் போட்டு, கையாலேயே திருகு, மெஷின் வேண்டாம். மிச்ச மையை மூடி இறுக்கிய சின்னப் புட்டியில் ஊற்றி, கலவை அளவை எழுதி ஒட்டி வை. பின்னால் கீறல் விழுந்தால் அதே நிறம் வேண்டும்.

சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது அந்த மூன்று பட்டைகளையும், சுரண்டாமல் வைத்த சட்டத்தையும் எடுத்து வா. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா