திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு அரசுப் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்ல நிலையான ஏற்பாடு வேண்டி மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்
(ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
புதுக்கோட்டை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: புதுக்கோட்டை நகர அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் 6 முதல் 9ஆம் வகுப்பு மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசு அருங்காட்சியகத்தையும் நகரின் வரலாற்று இடங்களையும் பார்க்க ஏற்பாடு செய்து தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை எடுக்கச் சொன்னார்கள். போன வேகத்தில், “திருக்கோகர்ணம் மியூசியத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்” என்றேன். 42 பேரில் ஐந்து கைகள் உயர்ந்தன. அதில் இருவர், கோயிலுக்குப் போனபோது வாசலை மட்டும் பார்த்தவர்கள். கொடைக்கானல் போனவர்களைக் கேட்டதும் பாதி வகுப்பு கை தூக்கியது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சமஸ்தான காலத்தில், 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. டவுன் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். பக்கத்தில் இருப்பதாலேயே அதை யாரும் ‘டூர்’ என்று எண்ணுவதில்லை. பள்ளிச் சுற்றுலா என்றால் விடிகாலைப் பேருந்து, வெளியூர், தலைக்கு ஆயிரம் இரண்டாயிரம் என்று ஆகிவிட்டது. பணம் கட்ட முடியாத பிள்ளை அன்று வீட்டில் இருக்கும். உள்ளூரிலும் அதற்குப் பார்க்க ஏதும் கிடைப்பதில்லை.

சரி, நாமே அழைத்துப் போவோம் என்று மேலாண்மைக் குழுவில் முடிவெடுத்தோம். முதல் முயற்சி என் தவறால் கெட்டது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதை மறந்து, வெள்ளிக்கிழமையே புறப்பட்டுவிட்டோம். பூட்டிய வாசலில் நின்று புளிசாதம் சாப்பிட்டுத் திரும்பினோம். முப்பது வருடம் இந்த ஊரில் வரலாறு நடத்தியவனுக்கே தெரியவில்லை என்று பிள்ளைகள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

இரண்டாம் முறை ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். மாணவிகளுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. மாணவர்களின் இலவச பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான வழித்தடத்துக்குத்தான் செல்லும் என்பதால் அவர்களுக்கு டிக்கெட் எடுத்தோம். ஒரே பேருந்தில் 42 பேர் ஏற முடியாமல் மூன்று பேருந்துகளில் பிரிந்து போனோம். கடைசிக் கும்பல் வந்து சேர்வதற்குள் முதல் கும்பல் பாதி அறைகளைப் பார்த்து முடித்திருந்தது.

இவ்வளவு சிரமத்துக்குப் பிறகும் மனு எழுதத் துணிந்ததற்கு ஒரு காசுதான் காரணம். நாணயங்கள் இருந்த பக்கம் நின்ற ஒரு மாணவி, “சார், இது எங்க அப்பாயி வச்சிருக்கு” என்றாள். அவள் காட்டியது அம்மன் காசு. இந்தச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள், திருக்கோகர்ணம் கோயில் அம்மனான பிரகதாம்பாளின் தாசர் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். அந்த அம்மனின் உருவத்தை ஒருபுறம் பொறித்துப் புழக்கத்தில் விட்ட பொடிச் செம்புக் காசு அது. யாரும் அவளை நம்பவில்லை. மறுநாள் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதைக் கொண்டுவந்துவிட்டாள். அப்பாயியின் சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடு கிடந்ததாம். தேய்ந்திருந்தாலும் அம்மன் உட்கார்ந்திருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது.

திருப்பிப் பார்த்தால் மறுபுறம் ஏதோ எழுத்து. “ஜிலேபி மாதிரி இருக்கு” என்றான் ஒருவன். இன்னொரு மாணவியின் அப்பா ஆந்திரப் பக்கம் லாரி ஓட்டுபவர், சாலைப் பலகைகளைப் பார்த்தே தெலுங்கு எழுத்துக் கூட்டக் கற்றவர். காசைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினோம். ‘விஜய’ என்று எழுதியிருப்பதாகக் குரல் பதிவு வந்தது. தமிழ் பேசுகிற ஊரின் காசில் தெலுங்கு ஏன் வந்தது என்று அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடியே இரண்டு பாடவேளைகள் போயின. நான் பணியில் இருந்தபோது தொண்டைமான்களைப் பற்றிப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் கேட்க வைத்ததில்லை.

இந்த ஊர்ப் பிள்ளைக்கு இப்படி இடறி விழ எத்தனையோ இடங்கள் உள்ளன. ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. நகருக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டையில் 2023இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது; சங்ககாலக் கோட்டையின் சுவடுகள் அங்கே உள்ளன. சித்தன்னவாசலில் சமணத் துறவியர் படுத்த 17 கற்படுக்கைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தும் இருக்கின்றன, குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. நகருக்குள்ளேயே மன்னர் கல்லூரி. பெண் பிள்ளை படிக்கக் கூடாது என்ற எதிர்ப்பை மீறி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்து படித்த கல்லூரி அது. அதன் வாசல் வழியாகத் தினமும் நடக்கும் மாணவிகளில் பலருக்கு அது தெரியாது.

தாங்கள் அமர்ந்திருக்கும் இந்தக் கட்டடமும் அப்படித்தான். மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனை, 1974இல் மாவட்டம் உருவானபின் ஆட்சியர் அலுவலகமானது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு மனு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இதன் தூண்களை அண்ணாந்து பார்ப்பதை நானே கவனித்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் அரண்மனையை உள்ளே பார்த்தவர்கள் அப்படிப் பார்த்தவர்கள்தான்.

எனவே தாங்கள் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக ஒரு சுற்றறிக்கை அனுப்பி, நகரப் பள்ளிகளின் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு பிரிவும் ஆண்டுக்கு ஒரு வேலைநாளை அருங்காட்சியகத்தில் கழிக்க வகை செய்ய வேண்டுகிறோம். அந்த நாள் சுற்றுலாக் கணக்கில் சேராமல் வகுப்பு நடந்த நாளாகவே வருகைப் பதிவேட்டில் ஏற வேண்டும். உள்ளூரில் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகத் தலைமை ஆசிரியரின் அனுமதியே போதும் என்றும் தெளிவுபடுத்த வேண்டுகிறோம். மேலிட அனுமதிக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றாலே பாதி ஆசிரியர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் பொறுப்பை நினைத்து அஞ்சுபவர்களும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆகையால் பிரிவுக்கு இரண்டு ஆசிரியர்களோடு மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு பெற்றோரும் உடன் வருவார்கள் என்று எழுதித் தரத் தயாராக இருக்கிறோம்.

வாகனம்தான் பெரிய சிக்கல். அதற்கு நிதி கேட்டு இந்த மனுவைக் கனமாக்க விரும்பவில்லை. நகரைச் சுற்றியுள்ள தனியார் பள்ளி, கல்லூரிகளின் பேருந்துகள் காலை பத்து மணிக்கு மேல் மாலை வரை சும்மாதான் நிற்கின்றன. வாரம் இரண்டு நாள், முறைவைத்து, ஒரு பேருந்து கொடுக்கும்படி தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். டீசல் செலவை மேலாண்மைக் குழுக்கள் ஏற்கும். ஒரே நாளில் 200 பேரைக் கொண்டுபோய்க் கொட்டினால் வரிசையில் நடந்து வெளியேறுவதுதான் மிஞ்சும். ஒரு நாளைக்கு ஒரு பிரிவு போதும். காப்பாட்சியரோ அவர் சொல்லும் அலுவலரோ அரைமணி நேரம் உடன் பேசினால் நல்லது. மீதி நேரம் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளின் முன் உட்கார்ந்து அதை வரையட்டும். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். பலரும் பாடம் செய்த விலங்குகளைத்தான் வரைந்தார்கள், பரவாயில்லை.

பிற்பகலில் அருகிலுள்ள பிரகதாம்பாள் கோயில் குடைவரையையும், வசதிப்பட்டால் பொற்பனைக்கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அலுவல் பாதிக்காதவாறு, இந்த அரண்மனையின் ஒரு பகுதியைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க அனுமதிக்க வேண்டும். கதை சொல்ல ஆள் வேண்டுமென்றால் ஊதியமின்றி வருகிறேன். இம்முறை கிழமையைச் சரிபார்த்துவிட்டே வருவேன்.

இணைப்பு:
மாணவர்கள் அருங்காட்சியகத்தில் வரைந்த 11 ஓவியங்களின் நகல்;
அம்மன் காசின் இருபுறப் படம் (காசு அப்பாயியிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது);
பெற்றோர் 38 பேரின் கையொப்பம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: புதுக்கோட்டை